செட்சுபுன் அன்று அவரைக்கொட்டை வீசுவதா, சுஷி சுருளைக் கடிப்பதா?

ஜப்பானில் பிப்ரவரி 3-ஐ ஒட்டி, பழைய நாள்காட்டிப்படி வசந்தம் பிறப்பதற்கு முந்தின நாள்தான் செட்சுபுன். அன்றைக்கு வீட்டில் செய்ய இரண்டு வழக்கங்கள் உண்டு.

பழையது மாமெமாகி. வறுத்த சோயா அவரையை வாசல் பக்கம் வீசி "ஓனி வா சோதோ, ஃபுகு வா உச்சி" (பேயே வெளியே போ, நல்லதே உள்ளே வா) என்று கத்த வேண்டும், பெரும்பாலும் அப்பாதான் பேய் முகமூடி மாட்டிக்கொண்டு அடி வாங்குவார், அப்புறம் அவரவர் வயசு எண்ணிக்கைக்கு அவரைக்கொட்டை சாப்பிட வேண்டும். வறுக்காத அவரை எங்காவது முளைத்துவிட்டால் கெட்ட சகுனமாம். வடக்கே ஹொக்கைதோ தீவில் தோலோடு வேர்க்கடலையை வீசுகிறார்கள். பொறுக்கி உரித்துத் தின்னலாம், புத்திசாலிகள்!

மற்றது எஹோமாகி. அந்த வருஷத்து நல்ல திசையைப் பார்த்து, வெட்டாத முழு சுஷி சுருளை (கடற்பாசியில் சுற்றிய சோற்று உருளை) பேசாமல் தின்று முடிக்க வேண்டும். ஒசாகா பக்கத்து வழக்கம், 1990-களின் கடைசியில் கன்வீனியன்ஸ் ஸ்டோர்கள்தான் நாடு முழுக்கப் பரப்பின. விற்காமல் குப்பைக்குப் போனது அதிகமாகி, 2019-இல் அரசே கடைகளிடம் அளவாகச் செய்யச் சொன்னது.

சுத்தம் பார்ப்பவர்களுக்குச் சுருள் சரி. குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு என் ஓட்டு அவரைக்குத்தான், ஆனால் 5 வயசு வரைக்கும் வீச மட்டும் கொடுங்கள், தின்னக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும்.