பழைய ரேடியோ ஸ்கேனர் வாங்குகிறவர்களே, மஞ்சள் கூட்டை வெளியே எடுத்துப் பாருங்கள்

பயன்படுத்திய கையடக்க ரேடியோ ஸ்கேனர், அதாவது பல அலைவரிசைகளை மாறி மாறித் தேடி அவற்றில் நடக்கும் பேச்சைக் கேட்க உதவும் கருவி, வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வசிப்பது அமெரிக்காவில். விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்வதையும், தீயணைப்பு வண்டிகளுக்குப் போகும் அழைப்புகளையும் கேட்பது இங்கே பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. எனக்கும் அது பிடிக்கும். அதற்காக இணையச் சந்தை ஒன்றில் தனிநபர் ஒருவரிடம் வாங்கிய ஸ்கேனர், வெளியே பளபளப்பாகவும் உள்ளே அரித்துப்போயும் வந்து சேர்ந்தது. விற்றவர் தெரிந்தேதான் மறைத்திருக்கிறார். அப்படி மறைப்பதற்குக் கருவியின் உடலமைப்பே வசதி செய்து கொடுக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வாங்கியது ஜிஆர்இ நிறுவனம் தயாரித்த பிஎஸ்ஆர்-500 வகை. இதே கருவி ரேடியோஷாக் கடைகளில் புரோ-106 என்ற பெயரில் விற்பனையானது. நன்றாகக் கேட்கும், உறுதியான கருவி. ஜிஆர்இ 2012இல் ஸ்கேனர் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் இவற்றில் பல இப்போது கைமாறிக் கைமாறித்தான் வருகின்றன.

இதில் 4 ஏஏ பேட்டரிகள் போட வேண்டும். ஆனால் அவற்றை நேராகக் கருவிக்குள் போடுவதில்லை. கழற்றி எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் கூடு ஒன்றில் அடுக்கி, அந்தக் கூட்டைக் கருவியின் பின்புறத்தில் பொருத்த வேண்டும். கூடுகள் இரண்டு. கறுப்புக் கூடு சாதாரண ஆல்கலைன் பேட்டரிக்கு, மஞ்சள் கூடு மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிக்கு. மஞ்சள் கூடு உள்ளே இருந்தால் மட்டுமே சார்ஜ் ஏறும். பாதுகாப்பை நினைத்துச் செய்த ஏற்பாடுதான். ஆனால் கருவி அடையாளம் காண்பது கூட்டை மட்டுமே. கூட்டுக்குள் என்ன பேட்டரி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. அவசரத்துக்கு யாராவது ஆல்கலைன் பேட்டரியை மஞ்சள் கூட்டில் போட்டுச் சார்ஜரையும் செருகிவிட்டால், கருவி கேள்வி கேட்காமல் மின்சாரத்தை ஏற்றும். உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் கூடும். கடைசியில் பேட்டரியின் அடைப்பு விட்டுப்போய், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசியும். அது கடுமையான காரம். உலோகத்தின் மேல் ஊர்ந்து, கம்பியின் உறைக்குள் ஏறி, சர்க்யூட் போர்டின் செம்புத் தடங்கள் வரைக்கும் போய்விடும்.

ஏமாற்று நடப்பது இங்கேதான். கசிந்த பேட்டரிகளைக் கூட்டோடு எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு வேறு கூடு ஒன்றைப் போட்டுவிடலாம். விளம்பரத்தில் எனக்குக் காட்டப்பட்டதும் அதுதான்: துளிக் கறையில்லாத மஞ்சள் கூடு, அதில் நான்கு புதிய பேட்டரிகள். கசிவின் மிச்சம் இருப்பது கூட்டில் அல்ல, கூடு போய் உட்காரும் பள்ளத்தில், கூட்டைத் தொட்டு மின்சாரத்தை வாங்கும் தொடுதகடுகளில். கூட்டைப் பொருத்தியபின் அந்தத் தகடுகள் கண்ணுக்கே தெரியாது.

பணம் அனுப்பும் முன் எழுத்தில் கேட்டேன்: பேட்டரி எப்போதாவது கசிந்ததா, கருவியைத் திறந்ததுண்டா? கசிந்ததே இல்லை, திறந்ததே இல்லை என்று பதில் வந்தது. கருவி வந்தபோது வேலையும் செய்தது. பிறகுதான் லேசாகத் தட்டினால் அணைவதும், சார்ஜ் ஏற மறுப்பதும் தொடங்கின. கூட்டை எடுத்துவிட்டு விளக்கு அடித்துப் பார்த்தால், ஒரு தகட்டின் அடியில் பச்சைப் பாசியாகச் செம்புக்களிம்பு. அதன்மேல் வெள்ளைப் படிவத்தைக் கத்தியால் சுரண்டிய கீறல்கள். வலுவிழந்த தகட்டை முன்னால் வளைத்து, அரிப்பின் மேலேயே புதிதாக ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். வெளியுறையின் ஒரு திருகாணித் துளையில் மரை தேய்ந்துபோய், உள்ளே பசை நிரப்பப்பட்டிருந்தது. திறக்கவே இல்லாத கருவிக்குள் பசை எப்படிப் போனது?

புகார் கொடுத்தேன். கருவியைத் திறந்தது நான்தான், சேதமும் என்னால்தான் என்று விற்றவர் எழுதினார். பொருள் வந்தபோது இயங்கியது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு இணையச் சந்தைக்காரர்கள் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அவர் எனக்கு எழுதிய பதில்களை அவர்கள் படித்ததற்கான அடையாளமே அந்தத் தீர்ப்பில் இல்லை. பழுதுபார்க்கும் கடை ஒன்றிலும் கொடுத்தேன். பரிசோதனைக் கட்டணத்தை முதலில் வாங்கிக்கொண்டு, துப்புரவுத் திரவத்தை அடித்து, சரியாகிவிட்டது என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஆகவில்லை. அரித்த தகட்டை மாற்றாமல் எப்படி ஆகும்?

இது ஒரு மாதிரிக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை. யூனிடன் என்ற நிறுவனத்தின் பிசி125ஏடி வகையில் இரண்டு கூடுகளுக்குப் பதிலாக, பேட்டரி அறைக்குள்ளேயே ஒரு சிறிய சுவிட்ச் உண்டு. அதைச் சார்ஜ் பக்கம் தள்ளி வைத்துவிட்டு ஆல்கலைன் போட்டால் விளைவு ஒன்றுதான். அந்தச் சுவிட்சின் இடுக்கில் வெள்ளைத் துகள் இருந்தால் வாங்காதீர்கள்.

ஆண்டெனா பொருத்தும் இடத்தையும் பாருங்கள். அங்கே இருக்கும் இணைப்பான் பெரும்பாலும் பிஎன்சி, எஸ்எம்ஏ என்ற இரண்டு வகைகளில் ஒன்று. பிஎன்சி இணைப்பானைச் செருகிக் கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும். எஸ்எம்ஏ அதைவிடச் சிறியது, மரையில் திருகுவது. யூனிடன் பிசிடி396எக்ஸ்டி போன்றவற்றில் எஸ்எம்ஏதான். அதன்மேல் வேறு வகை ஆண்டெனாவைப் பொருத்த உதவும் அடாப்டர் ஒன்றைப் போட்டு நீளமான ஆண்டெனாவை மாட்டி, இடுப்பில் தொங்கவிட்டுப் பல வருடம் சுற்றினால், ஒவ்வொரு இடிக்கும் ஆண்டெனா நெம்புகோலாகி இணைப்பானின் அடியை அசைக்கும். பற்றவைப்பு மயிரிழையாக விரிசல் விடும். படத்தில் இது தெரியவே தெரியாது. நேரில் வாங்கினால் பலவீனமான நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு ஆண்டெனாவின் அடியை மெல்ல அசையுங்கள், குரல் விட்டுவிட்டு வந்தால் விலகிவிடுங்கள்.

இன்னொன்று, ரப்பர் போலத் தொடுவதற்கு மென்மையாக இருக்கும் மேல்பூச்சு. பல கையடக்கக் கருவிகளில் அது பாலியூரித்தேன். காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் சிதைந்து பிசுபிசுப்பாகிவிடும். ஆல்கஹால் போட்டுத் துடைத்து எடுத்துவிட்டு, எடுத்ததைச் சொல்லி விற்பவர் நேர்மையானவர். டால்கம் பவுடர் தடவிப் பிசுபிசுப்பை அடக்கிப் படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். பொத்தான்களின் ஓரத்தில் வெண்மையாகத் தங்கியிருக்கும் தூள் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படம் இது: பேட்டரியையும் கூட்டையும் முழுக்க எடுத்துவிட்டு, காலியான பள்ளத்துக்குள் விளக்கடித்து, தகடுகளின் அடி தெரியும்படி எடுத்த படம். கூடவே, பின்புறத் திருகாணிகள் எல்லாம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று. கேள்வி பதில் முழுவதும் அந்தச் சந்தையின் செய்திப்பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும், தொலைபேசியில் வேண்டாம். பொருள் வந்ததும் பெட்டியைப் பிரிப்பதிலிருந்து பள்ளத்தைக் காட்டுவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்துவிடுங்கள். திறந்தது நீங்கள்தான் என்று அவர் சொன்னால் காட்டுவதற்கு உங்களிடம் அது இருக்க வேண்டும்.

என்னிடம் விற்றவர் இப்போது இன்னொரு ஸ்கேனரை விலைக்குப் போட்டிருக்கிறார். அதிலும் மஞ்சள் கூடு தனியாக, அழகாகப் படம் எடுக்கப்பட்டிருக்கிறது. காலிப் பள்ளத்தின் படத்தை நண்பர் ஒருவர் கேட்டார். இதுவரை பதில் இல்லை, விளம்பரம் அப்படியே இருக்கிறது.