சோபாவின் இடம் முடிவான பிறகே சீலிங் ஸ்பீக்கர்

எங்கள் வரவேற்பறையில் ஹோம் தியேட்டர் அமைக்க வந்த முதல் விலைப்பட்டியலில் ஒன்பது சீலிங் ஸ்பீக்கர்கள் இருந்தன. முன்பக்கத்துக்கு மூன்று, பக்கவாட்டுக்கு இரண்டு, தலைக்கு மேலே நான்கு என்று கணக்குக் காட்டியிருந்தார்கள். ஆனால் ஒன்பதும் கூரையிலேயே பதிக்கப்படும். “தரையில் ஒரு பெட்டிகூடத் தெரியாது, சார்” என்பதுதான் அந்தக் கடைக்காரர் அதன் சிறப்பாகத் திரும்பத் திரும்பச் சொன்னது. அவருடைய பட்டியலை மடித்து வைத்துவிட்டு, முடிவில் நான் வாங்கியது இரண்டே இரண்டு யமஹா என்எஸ்-ஐசி600 ஸ்பீக்கர்கள். எட்டு மாதங்களாக அவற்றைக் கேட்டுவருகிறேன். ஒன்பது எப்படி இரண்டாகக் குறைந்தது, ஏன் குறிப்பாக இந்த இரண்டு என்பதைச் சொல்லாமல் ஸ்பீக்கரை மட்டும் மதிப்பிட்டால் அது படிப்பவருக்குப் பயன்படாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்தப் பட்டியல் டால்பி அட்மாஸ் என்ற ஒலிமுறைக்கானது. அது 2012இல் திரையரங்குகளுக்கும், 2014இல் வீட்டு ரிசீவர்களுக்கும் (ஒலியைப் பிரித்துப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் கருவி) வந்தது. அதன் அடிப்படை, காதின் மட்டத்தில் ஒரு வளையமும் தலைக்கு மேலே இன்னொரு அடுக்குமாக ஒலியைப் பிரித்துத் தருவது. 5.1.2 என்று எழுதும்போது முதல் எண் காது மட்டத்து ஸ்பீக்கர்களையும், நடு எண் கனத்த ஒலிக்கான சப்வூஃபரையும், கடைசி எண் மேலே உள்ளவற்றையும் குறிக்கிறது. இந்த இரண்டு அடுக்குகளுக்கும் இடையே உயர வேறுபாடு இருந்தால்தான் மழை மேலிருந்து பெய்வதாகவும் ஆட்டோ பக்கவாட்டில் கடப்பதாகவும் காது பிரித்தறியும். அனைத்தையும் கூரையில் ஏற்றினால் மழையும் ஆட்டோவும் ஒரே உயரத்திலிருந்து வரும். கதாநாயகனின் வசனமோ தொலைக்காட்சிக்கு மேலே பரணிலிருந்து வருவதுபோல் கேட்கும். ஆகவே முன்பக்க மூன்றையும் பக்கவாட்டு இரண்டையும் தரையிலும் சுவரிலுமே வைப்பது என்ற முடிவு எளிதாகக் கிடைத்தது. ஒன்பதில் ஐந்து அப்படிப் போயிற்று.

மீதி நான்கைப் பற்றி முடிவெடுக்கத்தான் அளவு நாடா தேவைப்பட்டது. அறை 16 அடி நீளம், 11 அடி அகலம். கான்கிரீட் தளம் 10 அடி உயரத்தில் இருக்கிறது. ஃபால்ஸ் சீலிங் அதற்கு 9 அங்குலம் கீழே, அதாவது 9 அடி 3 அங்குலத்தில் வருகிறது. சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தால் என் காது தரையிலிருந்து ஏறத்தாழ 3 அடி 3 அங்குல உயரத்தில் இருக்கும். காதுக்கும் கூரைக்கும் இடையே 6 அடி. இந்த ஓர் எண் கையில் இருந்தால் போதும், மற்றவை பள்ளிக்கூட முக்கோணக் கணக்கு.

மேலே நான்கு ஸ்பீக்கர்கள் வைப்பவர்களுக்கு டால்பி நிறுவனம் தரும் வழிகாட்டுதல், முன் ஜோடி காதிலிருந்து பார்க்கையில் 30 முதல் 55 பாகை ஏற்றத்திலும், பின் ஜோடி 125 முதல் 150 பாகையிலும் இருக்க வேண்டும் என்பதாகும் (காதுக்கு நேர் முன்னால் 0, உச்சி 90, நேர் பின்னால் 180 என்று கணக்கு). என் அறையில் 125 பாகை என்பது காதுக்குப் பின்னால் 4 அடி 2 அங்குலம் தள்ளி வருகிறது. காதிலிருந்து பின்சுவரோ 4 அடிதான். சுவரை ஒட்டி ஸ்பீக்கர் பதிக்க முடியாது, ஓரடியாவது விட வேண்டும் என்று வைத்தால், பின் ஜோடி 117 பாகைக்கு மேல் போகாது. அது பின்னால் இருப்பதாகவே தோன்றாது, உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் தொங்கும். சோபாவை இரண்டடி முன்னால் நகர்த்தினால் நான்கும் பொருந்தும். ஆனால் சமையலறைக்குப் போகும் வழி அடைபடும் என்பதால் வீட்டில் அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை, கேட்டதற்கே ஒரு பார்வைதான் பதிலாக வந்தது. ஆகவே 5.1.2. இரண்டே ஸ்பீக்கர்கள் என்றால் 65 முதல் 100 பாகைக்குள் வைக்கச் சொல்கிறது அதே வழிகாட்டுதல். நான் 80 பாகையைத் தேர்ந்தேன். காதுக்கு ஓரடி முன்னால் வரும். அகலவாக்கில், தொலைக்காட்சியின் இருபுறமும் 7 அடி இடைவெளியில் நிற்கும் முன் ஸ்பீக்கர்களின் நேர்கோட்டிலேயே மேலேயும் வைத்தேன்.

இடம் முடிவானதும் எந்த வகை ஸ்பீக்கர் என்ற கேள்வி பாதி தீர்ந்துவிட்டது. இதைத்தான் நான் சந்தித்த கடைக்காரர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் பிராண்டைக் காட்டி, பிறகு அதை எங்கேயோ பதித்துவிடுகிறார்கள். கூரையில் பதித்த ஸ்பீக்கர் நேராகத் தரையைப் பார்க்கிறது, நாமோ அதற்கு நேர்கீழே உட்கார்வதில்லை. கூர்மையான ஒலிகள், அதாவது ட்வீட்டரிலிருந்து வருபவை, கைவிளக்கின் ஒளிபோல ஒரு திசையில் குவிந்து வருவதால், பக்கவாட்டில் விலக விலக மங்குகின்றன. எவ்வளவு விலகியிருக்கிறோம் என்பதும் கணக்கிடக் கூடியதுதான். என் அறையில் 45 பாகையில் ஒரு முன் ஜோடி வைத்திருந்தால், முன்பக்கத் தள்ளலும் பக்கவாட்டுத் தள்ளலும் சேர்ந்து ஸ்பீக்கரின் நேர்க்கோட்டிலிருந்து ஏறத்தாழ 49 பாகை விலகி நான் உட்கார்ந்திருப்பேன். 80 பாகை இடத்தில் அந்த விலகல் 31 பாகைதான். மேல் ஸ்பீக்கர்கள் 45 பாகை வரை ஒலியைச் சீராகப் பரப்ப வேண்டும் என்று டால்பி எதிர்பார்க்கிறது. ஆகவே முதல் நிலைமை எல்லையைத் தாண்டுகிறது, இரண்டாவது வசதியாக உள்ளே அடங்குகிறது.

49 பாகை என்று வந்திருந்தால் ஒலியைக் கேட்பவர் பக்கம் திருப்பும் ஏற்பாடுள்ள ஸ்பீக்கரைத் தேடியிருப்பேன். கிளிப்ஷ் நிறுவனத்தின் சிடிடி வரிசையில் கொம்பு வடிவ ட்வீட்டரும் கனத்த ஒலி தரும் வூஃபரும் இரண்டுமே திருப்பக்கூடியவை என்பதால் அத்தகைய அறைகளுக்கு அது நல்ல தேர்வு. கேஇஎஃப் நிறுவனம் 1988இல் அறிமுகப்படுத்திய யூனி-கியூ அமைப்பு வேறொரு வழியில் இதைக் கையாள்கிறது: வூஃபர் கூம்பின் நடுவிலேயே ட்வீட்டரை வைப்பதால் இரண்டின் ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பி, எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் தன்மை அதிகம் மாறாமல் வந்துசேர்கிறது. காதுக்கு மிகவும் இதமாக இருந்தது அதுதான் என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் 31 பாகைக்கு அந்தப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. அந்த மிச்சத்தைச் சப்வூஃபரில் போட்டேன், அதற்கு வருத்தமில்லை.

என்எஸ்-ஐசி600இல் 6.5 அங்குல வூஃபரும், சற்றே திருப்பிவிடக்கூடிய 1 அங்குல மென்குவிமாட ட்வீட்டரும் இருக்கின்றன. இதற்கு அண்ணனான என்எஸ்-ஐசி800 எட்டு அங்குலத்தது. மேல் ஸ்பீக்கர்களின் கனத்த ஒலியை எப்படியும் சப்வூஃபருக்குத் திருப்பிவிடப் போகிறோம் என்னும்போது, இந்த அளவுள்ள அறைக்கு எட்டு அங்குலம் அவசியமில்லை. கூரையில் ஓட்டை சிறிதாக இருப்பதும் கண்ணுக்கு நல்லது.

விலை குறைவாக இருக்கிறதே என்று துணிக்கடைகளிலும் மருத்துவமனைகளிலும் அறிவிப்புக்குப் பயன்படும் சீலிங் ஸ்பீக்கர்களை வாங்கிவிட வேண்டாம். அவை 100 வோல்ட் கம்பியில் பல ஸ்பீக்கர்களை இணைப்பதற்காக டிரான்ஸ்ஃபார்மரோடு வருபவை. வீட்டு ரிசீவருக்கு வேண்டியது 8 அல்லது 6 ஓம் என்று குறிக்கப்பட்டவை.

பெட்டியில்லாத ஸ்பீக்கர் என்பதன் பொருளை இங்கே விளக்க வேண்டும். மேசை ஸ்பீக்கருக்கு மரப்பெட்டி இருக்கிறது. இந்த வகைச் சீலிங் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றின் முதுகு திறந்தே இருக்கும், ஃபால்ஸ் சீலிங்குக்கும் தளத்துக்கும் இடைப்பட்ட வெற்றிடமே அவற்றின் பெட்டி. அந்த வெற்றிடம் எவ்வளவு, எங்கே கசிகிறது, எந்தப் பலகை அதிர்கிறது என்பவை எல்லாம் ஒலியில் தெரியும். அதோடு நம் ஊரில் தூசியும் பல்லியும் கரப்பானும் அங்கேதான் குடியிருக்கின்றன. பின்மூடியோடு வரும் ஸ்பீக்கர்கள் இந்தத் தொல்லைகளைத் தவிர்க்கும், ஆனால் அவற்றின் ஆழத்துக்கு ஏற்றபடி சீலிங்கை இறக்க வேண்டும். தளத்திலிருந்து நான்கைந்து அங்குலமே இறக்கியிருக்கும் வீடுகளில் பெரும்பாலும் நுழையாது. ஆகவே வாங்கும் முன் படத்தைப் பார்ப்பதைவிடப் பொருத்தும் ஆழத்தையும் வெட்ட வேண்டிய வட்டத்தின் விட்டத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் வீடு சென்னையில் ஓர் அடுக்ககத்தின் மேல்தளம். மொட்டைமாடியின் ஈரம் ஐப்பசி, கார்த்திகையில் தளத்தில் இறங்கும் சாத்தியம் இருப்பதால், ஒரு மழைக்காலத்தைப் பார்த்துவிட்டு, கசிவில்லை என்று உறுதியான பிறகே சீலிங் வேலையைத் தொடங்கினோம். காகிதக் கூம்பல்லாத, ஈரம் தாங்கும் கூம்புள்ள ஸ்பீக்கரைத் தேடியதற்கும் இதுவே காரணம்.

வேலையில் ஒரு தவறு நடந்தது. ஜிப்சம் பலகையின் தடிமன் 12.5 மில்லிமீட்டர்தான், ஸ்பீக்கரின் பின்புறத்துக் கிளாம்புகள் அந்தப் பலகையைக் கவ்விக்கொண்டுதான் நிற்கின்றன. வந்திருந்த தொழிலாளி திருகை இறுக்கிய வேகத்தில் பலகையின் ஓரம் நொறுங்கியது. இன்னொரு துண்டுப் பலகையை மேலே வைத்து, சீலிங்கைத் தாங்கும் ஜி.ஐ. சேனலோடு (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) பிணைத்துச் சரிசெய்தோம். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்: ஸ்பீக்கர் வரும் இடத்தில் பலகை மூடப்படுவதற்கு முன் ஒரு பிளைவுட் சட்டத்தைக் கொடுத்துவிட்டால் பாரமும் தாங்கும், அதிர்வும் குறையும். கம்பியும் அப்படித்தான், சீலிங் மூடுவதற்கு முன்பே இழுத்துவிட வேண்டும். 12 மீட்டர் தொலைவுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியின், போகவும் வரவுமாகச் சேர்ந்த மின்தடை 0.3 ஓமுக்குள் அடங்கிவிடுவதால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது போதுமானது. மின்விளக்குக் கம்பி செல்லும் குழாயில் இதையும் சேர்த்து நுழைக்கும் வழக்கத்தை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே தடுத்துவிட வேண்டும்.

ரிசீவரில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், ஆனால் பலர் தவறவிடுவது. டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800எச் போன்ற ஏழு சானல் ரிசீவர் 5.1.2க்குப் போதும். அமைப்புப் பட்டியலில் மேல் ஸ்பீக்கர்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்கும்போது உண்மையான இடத்தையே, என் வீட்டில் ‘டாப் மிடில்’ என்பதையே, தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனெனில் எந்த ஒலியை எவ்வளவு மேலே அனுப்புவது என்பதை ரிசீவர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. அவற்றைச் சிறிய ஸ்பீக்கர் என்று குறித்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான கனத்த ஒலியைச் சப்வூஃபருக்குப் பிரித்துவிட்டேன். தொலைக்காட்சியின் ஒலியை எச்டிஎம்ஐ கம்பியிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் ஏஆர்சி இணைப்பு வழியாக ஸ்ட்ரீமிங் தளங்களின் அட்மாஸ் வந்துவிடும். புளூ-ரேயில் உள்ள, தரம் குறையாத ட்ரூஎச்டி வடிவத்துக்கு ஏஆர்சியின் மேம்பட்ட வகையான இஏஆர்சி வேண்டும் அல்லது பிளேயரை நேராக ரிசீவரில் செருக வேண்டும்.

இனி, ஒலி. முதல் வாரம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. மேலிருந்து எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும் என்ற எதிர்பார்ப்புத் தவறு. பெரும்பாலான படங்களில் மேல் அடுக்கு நீண்ட நேரம் மௌனமாகவே இருக்கிறது. வரும்போது அறையின் உயரம் கூடிவிடுகிறது. மழைக் காட்சியில் துளிகள் தனித்தனியாகத் தலைக்கு மேல் பரவின. ஹெலிகாப்டர் முன்சுவரிலிருந்து கிளம்பி உச்சிக்கு வந்தது, ஆனால் முதுகுக்குப் பின்னால் முழுமையாகக் கடந்துபோகவில்லை. அது ஸ்பீக்கரின் குறை அல்ல, இரண்டோடு நிறுத்திக்கொண்டதன் விளைவு. ட்வீட்டரைச் சோபாவின் நடு இருக்கையை நோக்கித் திருப்பியபோது தெளிவு கூடியது, கூடவே ஒலி வரும் இடமும் காதுக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே திரும்பவும் நேராகவே விட்டுவிட்டேன். முன் ஸ்பீக்கர்கள் வேறு நிறுவனத்தவை என்பதால் குரலின் தன்மையில் சிறு வேறுபாடு உண்டு, மேல் அடுக்கில் வசனம் அரிதாகவே வருவதால் அது உறுத்தவில்லை. ரிசீவரின் தானியங்கி அளவீடு மேல் ஸ்பீக்கர்களின் தொலைவை 7 அடி என்று காட்டியது, கணக்கும் அதையே சொன்னது. சப்தம் கூடும்போது பக்கத்திலிருந்த எல்.இ.டி. விளக்கின் வளையம் ஒன்று கடகடத்தது; ஃபோம் டேப் ஒட்டியதும் அடங்கியது.

பாட்டுக்கு நான் இவற்றை அணைத்துவிடுகிறேன். பழைய இரண்டு சானல் பதிவுகளை ரிசீவர் தானே மேலேயும் பரப்பித் தருகிறது, ஆனால் நாகஸ்வரத்தைக் கூரையிலிருந்து கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

ஃபால்ஸ் சீலிங் இல்லாதவர்கள் இதற்காகவே அதைப் போட வேண்டியதில்லை. எஸ்விஎஸ் பிரைம் எலிவேஷன் போல முகப்பைச் சாய்த்துச் செய்த பெட்டி ஸ்பீக்கர்களைச் சுவரின் மேல் ஓரத்திலோ கான்கிரீட் கூரையிலோ திருகி மாட்டலாம். அவற்றுக்குச் சொந்தப் பெட்டி இருப்பதால் வெற்றிடத்தைப் பற்றிய கவலையும் இல்லை. தரையிலிருந்து ஒலியைக் கூரையில் மோதித் திருப்பும் வகையும் கிடைக்கிறது. தட்டையான வெறுங்கூரையில் அது ஓரளவு வேலை செய்யும், படிப்படியாக வளைவும் விளக்குப் பள்ளமும் வைத்த சீலிங்கில் ஒலி சிதறிவிடும்.

பின்சுவருக்கு அருகே இன்னும் இரண்டு கம்பிகளைச் சுருட்டி, சீலிங்குக்கு மேலே விட்டு வைத்திருக்கிறேன். எந்தச் சேனலிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளவு நாடாவோடு சேர்த்து எடுத்த படம் கைப்பேசியில் இருக்கிறது. சோபா நகரும் நாளில் அது தேவைப்படும்.