ஒரே ஊரா, 690 மைல் சாலையா: பழைய விளையாட்டுப் பொருள் தேட இரண்டு வழிகள்

அமெரிக்காவில் பழைய பேஸ்பால் கையுறை, மட்டை, தோல் ஹெல்மெட், மர ராக்கெட் என்று சேர்ப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கிடைக்கும் விடுப்பு நான்கைந்து நாள். அதை எங்கே செலவழிப்பது என்ற பேச்சு வந்தால் இரண்டு பெயர்கள் நிச்சயம் வரும்: மாசசூசெட்ஸில் இருக்கும் பிரிம்ஃபீல்டு சந்தை, ஆகஸ்டில் ஆறு மாநிலங்களைத் தொட்டு நீளும் 127 யார்டு சேல், அதாவது 127-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி வீட்டு வாசல்களிலும் புல்வெளிகளிலும் நடக்கும் பழைய பொருள் விற்பனை. இரண்டுக்கும் போய் வந்தபின் எனக்குத் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய பொருளைப் பார்த்து வயது சொல்லும் அளவுக்குக் கண் பழகாதவர் பிரிம்ஃபீல்டுக்குப் போகட்டும். பழகியவர் சாலைக்கு வரட்டும்.

பிரிம்ஃபீல்டை ஏலம் விடுபவரான கார்டன் ரீட் 1959-ல் தொடங்கினார். மே, ஜூலை, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஆறு நாள். சின்ன ஊர்தான். அதன் நடுவே போகும் 20-ஆம் எண் சாலையின் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரு மைல் நீளத்துக்குக் கூடாரங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சந்தை போலத் தெரியும். உண்மையில் அது பல திடல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி உரிமையாளர், திறக்கும் நாளும் நேரமும் தனி. சில திடல்களில் வாசல் திறக்கும்வரை உள்ளே வியாபாரமே நடக்கக் கூடாது என்று கண்டிப்பு. அதனால் வாரம் முழுக்க புதிதாக ஏதாவது ஒரு வாசல் திறந்துகொண்டே இருக்கும். திறக்கும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் ஓடுவதைப் பார்த்தால் பந்தயம் போலத்தான் இருக்கும்.

127 முழுக்க வேறு மாதிரி. டென்னசியின் ஃபென்ட்ரஸ் கவுன்டியில் 1987-ல் தொடங்கியது. பெரிய நெடுஞ்சாலையிலேயே பறந்துவிடும் பயணிகளை உள்ளூர்ச் சாலைக்கு இழுக்க வேண்டும் என்பதுதான் எண்ணம். இன்று அது அலபாமாவின் காட்ஸ்டனிலிருந்து ஜார்ஜியா, டென்னசி, கென்டக்கி, ஒஹையோ வழியாக மிச்சிகனின் அடிசன் வரை 690 மைல், கிட்டத்தட்ட 1,110 கிலோமீட்டர். ஆகஸ்டின் முதல் வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நான்கு நாள். புல்வெளியில் வாடகைக்கு இடம் பிடித்துக் கடை போடும் வியாபாரிகளும் உண்டு. ஆனால் தன் வீட்டு வாசலில் மேசை போட்டு, பரணிலிருந்து இறக்கியதைப் பரப்பி வைத்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்களுக்காகத்தான் நான் அங்கே போகிறேன்.

விளையாட்டுப் பொருள் என்று பார்த்தால் இரண்டு பக்கமும் மண்ணுக்கே சொந்தமான சரக்கு உண்டு. பிரிம்ஃபீல்டிலிருந்து அரை மணி நேர ஓட்டத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்டு. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை மாட்டிக் கூடைப்பந்தைத் தொடங்கிய ஊர். பக்கத்து ஹோல்யோக்கில் 1895-ல் வில்லியம் மார்கன் கைப்பந்தைத் தொடங்கினார். விளையாட்டுப் பொருள் செய்யும் ஸ்பால்டிங் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது அருகிலேயே இருக்கும் சிக்கப்பியில். டென்னிஸ் பொருள்களுக்குப் பேர்போன ரைட் அண்ட் டிட்ஸன் பாஸ்டன்காரர்கள். ஆகவே வாய்க்கு நாடா கட்டிய பழைய கூடைப்பந்து, மர ராக்கெட், பனிச்சறுக்குக் காலணி, துடுப்பு எல்லாம் அந்த வட்டாரத்து வீடுகளிலிருந்தே வருகின்றன.

சாலைப் பக்கம் பேஸ்பால்தான் ராஜா. 127 போகும் கென்டக்கியில்தான் லூயிவில் இருக்கிறது. ஹில்லரிச் நிறுவனத்தின் பேஸ்பால் மட்டைகள் கடையப்பட்ட ஊர். சாலை தொடும் சின்சினாட்டியில்தான் 1869-ல் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் பேஸ்பால் அணி உருவானது. கோல்ட்ஸ்மித் கையுறைகளும் அந்த ஊரில் செய்யப்பட்டவைதான். அந்த வட்டாரத்தில் ஒரு கொட்டகைக் கதவைத் திறந்தால் மட்டை இருக்கும் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

சரி, சரக்கு இரண்டு இடத்திலும் இருக்கிறது. அப்புறம் என்ன வித்தியாசம்? அது என்ன பொருள் என்று யாருக்குத் தெரியும் என்பதில் இருக்கிறது. பிரிம்ஃபீல்டில் மேசைக்குப் பின்னால் நிற்பவருக்குத் தெரியும். அவர் ஏற்கெனவே தேடி, பிரித்து, துடைத்து, சீட்டு கட்டி வைத்திருக்கிறார். அந்த உழைப்புக்கும் சேர்த்துத்தான் விலை. அது நியாயம், எனக்கு அதில் மனக்குறை எதுவும் கிடையாது. ஒரே காலையில் முப்பது பழைய கையுறைகளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம், கேட்டால் விளக்கமும் சொல்வார்கள். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இந்தத் துறையில் எனக்குத் தெரியாது. சாலையில் அப்படி யாரும் சொல்லித் தர மாட்டார்கள். சமையல் பாத்திரங்களுக்கும் மீன்பிடித் தூண்டிலுக்கும் நடுவே ஒரு கையுறை கிடக்கும். அது 1915-ஆ 1955-ஆ என்பதை அந்த இடத்திலேயே நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது முடியாத காரியம் அல்ல. கையுறையில் முதலில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பாருங்கள். செயின்ட் லூயிஸ் பந்துவீச்சாளர் பில் டோக் சொன்ன யோசனைப்படி ராவ்லிங்ஸ் நிறுவனம் 1920-ஐ ஒட்டிச் செய்த கையுறையில்தான் தோல்வார் பின்னிய வலை அங்கே வந்தது. அதற்கு முந்தியவற்றில் ஒரு சின்னத் தோல்பட்டை தைத்திருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. மட்டையென்றால் அதன் நடுவில் பதித்திருக்கும் நிறுவன முத்திரையைப் படியுங்கள். 'ஹில்லரிச் அண்ட் பிராட்ஸ்பி' என்ற பெயர் 1916-லிருந்து வந்தது. 'ஜே.எஃப். ஹில்லரிச் அண்ட் சன்' என்று இருந்தால் அதற்கு முந்தியது; கையிலிருந்து கீழே வைக்காதீர்கள். கோல்ஃப் தடிகளில் ஹிக்கரி மரத்தண்டு இருந்தால் பெரும்பாலும் 1930களுக்கு முந்தியது, ஏனென்றால் அமெரிக்காவில் 1920களின் நடுவில் எஃகுத் தண்டுக்கு அனுமதி வந்ததும் மரம் மெல்ல ஒதுங்கிவிட்டது. டென்னிஸ் ராக்கெட்டின் பிடியில் தோல் சுற்றாமல் மரத்திலேயே வரி வெட்டியிருந்தால் நின்று பார்க்க வேண்டிய பொருள்.

இரண்டு இடத்திலும் ஏமாற வழி உண்டு, ஆனால் ஏமாறும் விதம் வேறு. சாலையில் விற்பவரே உண்மையாக நம்பிச் சொல்வார்: "இது பேப் ரூத் மட்டை." பேப் ரூத் பேஸ்பாலின் பெரும் நட்சத்திரம். மட்டையில் அந்தக் கையெழுத்து சூடுவைத்துப் பதித்திருக்கும்தான். கடைகளில் சிறுவர்களுக்கு விற்ற மட்டைகளிலும் அதே பெயரைப் பதித்தார்கள். அப்படிக் கடையில் விற்றவற்றின் பிடி நுனியில் இருக்கும் குமிழில் அங்குல நீளம் பெரும்பாலும் எண்ணாகக் குத்தியிருக்கும். கையுறையில் இருக்கும் வீரர் பெயரும் இதே கதைதான்: விளம்பரத்துக்காகக் கொடுத்த பெயர், அவர் போட்டு ஆடியது என்று பொருளல்ல. இதை அந்தக் குடும்பத்தோடு வாதாடிப் பயனில்லை. விலை கட்டுபடியானால் கடை மட்டையாகவே வாங்குங்கள். அதுவும் ஒரு சிறுவன் கோடை முழுக்க ஆடிய மட்டைதானே.

பெரிய சந்தையில் வேறு ஆபத்து: வீட்டு அலங்காரத்துக்காகப் பழசு போலவே செய்த தோல் பந்துகள், குத்துச்சண்டைக் கையுறைகள், ஹெல்மெட்டுகள். இவை சில கைகள் மாறியதும் பழசாகவே விற்பனைக்கு வந்துவிடும். ஆரம்ப காலத்தில் ஒரு நாடா கட்டிய கால்பந்தை நான் அப்படி வாங்கியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து தையல் மடிப்பை விரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த நூல் நேற்றுத் தைத்தது போல இருந்தது. சாயம் எல்லாப் பக்கமும் ஒரே நிறம். உண்மையான தேய்மானம் அப்படி இருக்காது. ஆடிய கையுறையின் உள்ளங்கை கறுத்திருக்கும், முதுகுப்பக்கம் வெளிறியிருக்கும், உள்துணி மணிக்கட்டு உரசும் இடத்தில் மட்டும் நைந்திருக்கும். வீரர் படம் போட்ட அட்டை, ஆட்ட நிகழ்ச்சி நிரல் போன்ற தாள்களுக்கு ஒரு சின்ன புற ஊதா விளக்கு போதும். 1950-ஐ ஒட்டித்தான் தாளை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம் பரவலானது. அதற்கு முந்தியதாகச் சொல்லப்படும் தாள் அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். இருட்டில்தான் இது தெரியும், ஆகவே காருக்குள் எடுத்துப்போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

என்னைச் சாலையின் பக்கம் சாய்த்தது விலை அல்ல. பிரிம்ஃபீல்டில் வாங்கும் கையுறைக்குப் பெரும்பாலும் பேர் இருக்காது. வியாபாரி ஏதோ ஏலத்தில் பெட்டியோடு வாங்கியிருப்பார், யாருடையது என்று அவருக்கும் தெரியாது. டென்னசியில் ஒரு வாசலில் நான் எடுத்த கையுறையின் உள்பட்டையில் மையால் ஒரு பெயர் எழுதியிருந்தது. விற்ற பெண்மணி அது தன் தாத்தா என்றார். சுரங்கத்து அணியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடினாராம். உள்ளே போய் அவர் அணிச்சட்டையோடு நிற்கும் படத்தை எடுத்துவந்து காட்டினார். படத்தைக் கொடுக்க மாட்டேன், வேண்டுமானால் கைபேசியில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னதை அப்போதே காரில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். இன்று அந்தத் தாள் கையுறைக்குள்ளேயே இருக்கிறது. சாலையில் வாங்கும் எவரும் இதைச் செய்ய வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பொருள் அந்த வாசலைத் தாண்டிய பிறகு கதையை மீட்க வழியே கிடையாது.

மேற்குக் கடற்கரையில் இருப்பவர்கள் பசடீனாவின் ரோஸ் பவுல் சந்தையைச் சொல்வார்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, 1922-ல் கட்டிய விளையாட்டரங்கத்தைச் சுற்றியே நடக்கும். கல்லூரி அமெரிக்கக் கால்பந்துக் கொடிகளுக்கும் நிகழ்ச்சி நிரல்களுக்கும் நல்ல இடம். ஆனால் ஒரு நாளோடு முடிந்துவிடுவதால் அதை நீண்ட பயணத்தோடு ஒப்பிட முடியவில்லை.

சிரமம் என்று பார்த்தால் பிரிம்ஃபீல்டு எளிது. காரை ஒரு முறை நிறுத்தினால் போதும், நடை மட்டும்தான். மே மாதம் சேறு, ஜூலையில் வெயிலோடு கடைகளும் கொஞ்சம் குறைவு. செப்டம்பர்தான் என் தேர்வு. சாலையில் இருவழிப் பாதை, மைல் கணக்கில் நகராத கார்கள், மலைப்பகுதியில் அறுந்துபோகும் சிக்னல். அறைகள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும். பிற்பகல் இடிமழைக்குத் தார்ப்பாயும், பழந்துணிகளும், சில்லறை நோட்டுகளும் கட்டாயம். தோல் நனைந்துவிட்டால் காருக்குள் வெயிலில் விட்டுவைக்காதீர்கள், விறைத்துப் போகும்.

690 மைலையும் நான்கு நாளில் முடிக்க நினைப்பது பெரிய தவறு. ஓட்டத்தான் நேரம் இருக்கும், இறங்க இருக்காது. புதன்கிழமை லூயிவில்லில் மட்டை அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, வியாழன் விடியலில் கென்டக்கியின் டான்வில்லில் தொடங்கித் தெற்கே டென்னசியின் ஜேம்ஸ்டவுன் வரை வாருங்கள். நூறு மைல் அளவுதான், நான்கு நாளுக்குத் தாராளமாகக் காணும். இன்னொரு வசதியும் உண்டு. அந்த வழியில் ரஸ்ஸல் ஸ்ப்ரிங்ஸ் வருவதற்குள் நேர மண்டலம் மாறிவிடும். தெற்கு நோக்கி வருபவருக்குக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். ஒரு மணி நேரத்தில் பத்து வாசல் இறங்கிப் பார்க்கலாம்.