பதினான்காம் மாடியில் 11 ஆண்டுகள்

பதினான்காம் மாடி வீட்டுக்குக் குடிவந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. வீடு பார்க்க வந்த அன்று காற்றும் வெளிச்சமும்தான் மனத்தைப் பிடித்தன. இரண்டிலும் இன்றுவரை குறையில்லை. தூசியும் வண்டிச் சத்தமும்கூடக் குறைவு. மற்றவை புரிய நாலைந்து வருஷம் பிடித்தது.

மகள் சின்னவளாக இருந்தபோது கீழே விளையாடுவாள். பால்கனியிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்றும் தெரியாது. அதனால் நாங்கள் யாராவது கூடப் போனால்தான் விளையாட்டு. ஐந்து மாடிக்கு மேலே போனால் தெருவோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும் என்பது டென்மார்க் கட்டடக்கலைஞர் யான் கேலின் கருத்து. மூன்றாம் மாடியில் இருக்கும் நண்பர் வீட்டு ஜன்னலில் நின்றால் அது உண்மை என்று தெரிகிறது. போகிறவர் முகம் தெரியும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

எங்களுக்குத் தெரு என்றால் லிஃப்ட்தான். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் எலிஷா ஓடிஸின் பயணிகள் லிஃப்ட் 1857-ல் நியூயார்க்கின் ஒரு கடைக் கட்டடத்தில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பெல்லாம் படியேற வேண்டுமே என்று மேல்மாடிக்கு வாடகை குறைவு; லிஃப்ட் வந்தபின் உயரமே அந்தஸ்து ஆனது. ஆனால் லிஃப்டுக்குள் பேச்சு வளர்வதில்லை. கதவு மூடித் திறப்பதற்குள் என்ன பேச முடியும்? ஒருமுறை லிஃப்ட் மூன்று நாள் பழுதாகிக் கிடந்தது. மூச்சு வாங்க ஒன்பதாம் மாடிப் படியில் உட்கார்ந்தேன். அந்த வீட்டு அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எட்டு வருஷமாக ஒரே லிஃப்டில் போய்வந்தவர்கள் நாங்கள். அன்றுதான் பேர் கேட்டுக்கொண்டோம்.

ஆகவே வீடு பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது: மேலிருந்து தெரியும் காட்சியைப் பார்ப்பதற்கு முன் தரைத்தளத்தைப் பாருங்கள். சிங்கப்பூரின் அரசுக் குடியிருப்புகள் பலவற்றில் தரைத்தளத்தைத் திறந்தவெளியாக விட்டிருக்கிறார்கள். கல்யாணமும் நடக்கும், துக்கமும் நடக்கும், பெரியவர்கள் சதுரங்கமும் ஆடுவார்கள். எங்கள் கட்டடத்தில் அந்த இடம் முழுக்கக் கார்கள்.

சங்கக் கூட்டத்தில் பலமுறை மன்றாடி, இரண்டு கார் நிற்கும் இடத்தைக் காலி செய்ய வைத்தோம். நாலு பெஞ்சு போட்டிருக்கிறோம். ஒன்பதாம் மாடி அம்மா சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் அங்கே வந்துவிடுகிறார்.