பல்லவன்ல போற லினக்ஸ்: எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டில மூணு வருஷம்

சென்னையில வேலை, ஊர் கானாடுகாத்தான். மாசம் ஒரு வாட்டியாவது பல்லவன் ரயில் புடிச்சு காரைக்குடில எறங்கி வீட்டுக்குப் போயிருவேன், முன்னாடியெல்லாம் லேப்டாப், சார்ஜர், மவுஸ்னு ஒரு பை தனியா தோள்ல தொங்கும். இப்ப சட்டைப் பையில ஒரு எஸ்எஸ்டி (சிப்புல ஓடுற சின்ன டிஸ்க்கு), ஒரு கேபிள், அவ்வளவுதான். ஊர்ல அப்பச்சி (அப்பா) லேப்டாப் பாதி நாள் சும்மாதான கெடக்கு, அதுல சொருகி ஆன் பண்ணா என்னோட லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம்), என்னோட ஃபைலு, தமிழ்99 கீபோர்டு உட்பட எல்லாம் அப்படியே வந்துரும். உள்ள இருக்க டிஸ்க்குல அப்பச்சியோட விண்டோஸ் அதுபாட்டுக்குத் தூங்கிக்கிட்டிருக்கும். 2022 டிசம்பர்ல ஆரம்பிச்சது, மூணு வருஷம் தாண்டிருச்சு.

மொதல்ல 32 ஜிபி பென்டிரைவ்லதான் பண்ணேன். லைவ் பென்டிரைவ் (சும்மா ஓட்டிப் பாக்குறதுக்குன்னு இருக்கது) இல்ல, லேப்டாப்ல போடுற மாதிரி முழு இன்ஸ்டாலே அதுல. பூட் ஆச்சு (சிஸ்டம் கெளம்பிருச்சு), ஆனா பிரவுசரைத் தொறந்துட்டு எந்திரிச்சுப் போய் காப்பி போட்டுக் குடிச்சுட்டு வரலாம், அந்த வேகம். பென்டிரைவ் பெரிய ஃபைலை ஒரே மூச்சுல எழுதுறதுக்கு ஓகே, சிஸ்டம் ஓடுறப்ப துக்கடா துக்கடாவா ஆயிரம் எடத்துல எழுதிக்கிட்டே இருக்கும், அதுக்கு அது தாங்காது. நாலே மாசத்துல செத்துப்போச்சு. அப்புறம்தான் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி யூஎஸ்பி 3 கேஸ்ல போட்டேன், அதுதான் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. நீல கலர் போர்ட்ல சொருகுங்க. யூஎஸ்பி 3.0 வந்து 5 ஜிகாபிட், பழைய 2.0 வெறும் 480 மெகாபிட், ரெண்டுலயும் பூட் ஆகும், ஆனா பழசுல சொருகுனா பென்டிரைவ் ஞாபகம் வந்துரும்.

இப்ப முக்கியமான கதைக்கு வர்றேன். இன்ஸ்டாலர்ல இடம் கேக்குறப்ப எக்ஸ்டர்னல் டிஸ்க்கை சரியாத்தான் காமிச்சேன், அதுவும் அங்கதான் போட்டுச்சு, ரீஸ்டார்ட் பண்ணா ஜம்முனு வந்துச்சு, நானும் டிஸ்க்கைக் கழட்டி பையில போட்டுக்கிட்டு ரயில் ஏறிட்டேன். மூணாம் நாள் ஆபீஸ்ல இருக்கேன், அப்பச்சி போன். "என்னப்பா பண்ணிட்டுப் போன, ஒரே கறுப்பா இருக்கு, மூலையில ஜி ஆர் யு பின்னு நாலு எழுத்து, பக்கத்துல ஒரு குச்சி மின்னுது"ன்னாக. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. அந்தப் பக்கம் நான் டிஸ்க்கை ரூம்ல இருந்த லேப்டாப்ல சொருகிப் பாத்தா அங்கயும் பூட் மெனுவுல பேரே வரல.

என்ன நடந்திருக்குன்னா, ஆபரேட்டிங் சிஸ்டம் என் டிஸ்க்குல, அதைக் கெளப்பி விடுற க்ரப் மட்டும் அப்பச்சி லேப்டாப் உள்ள இருக்க ஈஎஃப்ஐ பார்ட்டிஷன்ல (கெளப்பி விடுற ஃபைலுக்குன்னு டிஸ்க்குல ஒதுக்குன சின்ன பகுதி). வீடு நம்மளுது, சாவி பங்காளி வீட்டு மாடத்துல. நாம ஊர்ல இல்லாதப்ப அந்தச் சாவிய வச்சுக்கிட்டு அவுக என்ன பண்ணுவாக, அதான் கறுப்புத் திரையில நின்னுருச்சு. இதெல்லாம் பழைய சங்கதி, நெறைய பேருக்கு நடந்திருக்கு, நான்தான் படிக்காம எறங்கிட்டேன்.

அன்னைக்குப் போன்லயே அப்பச்சியை எஃப்12 தட்டச் சொல்லி, வர்ற லிஸ்ட்ல விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஓட்டிட்டேன் (டெல், லெனோவோன்னா எஃப்12, எச்பின்னா எஃப்9). அடுத்த வாட்டி போனப்ப பயாஸ்ல (லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ்) பூட் வரிசையில விண்டோஸை மேல ஏத்தி வச்சுட்டு, லேப்டாப் பின்மூடியக் கழட்டி உள்ள இருந்த டிஸ்க்கையே வெளிய எடுத்துட்டேன். எடுத்துட்டு மறுபடி மொதல்லேருந்து இன்ஸ்டால். இப்ப இன்ஸ்டாலருக்கு வேற போக்கெடம் இல்ல, எல்லாத்தையும் என் டிஸ்க்குலயே போட்டுத்தான் ஆகணும். முடிஞ்சதும் உள் டிஸ்க்கைத் திரும்ப மாட்டிட்டேன். க்ரப் மாதிரி பூட்லோடருக்குன்னு ஒரு சின்ன ஃபேட்32 பார்ட்டிஷன் இருக்கும், அதுக்குள்ள ஈஎஃப்ஐ ஃபோல்டர், அதுக்குள்ள பூட் ஃபோல்டர், அதுல பூட்எக்ஸ்64 டாட் ஈஎஃப்ஐன்னு ஃபைல் இருக்கான்னு பாத்துக்கங்க. முன்னபின்ன தெரியாத கம்ப்யூட்டர் வெளி டிஸ்க்கை சொருகுனா மொதல்ல தேடுறது அந்தப் பேரைத்தான். அது இருந்துச்சுன்னா இன்டெல், ஏஎம்டி, எங்க சொருகுனாலும் எந்திரிக்கும், தேவையான டிரைவரெல்லாம் பெரும்பாலும் லினக்ஸ் கெர்னல்லயே (அதோட மையப் பகுதி) இருக்குறதால தனியா எதுவும் தேட வேண்டியதில்ல. மூணு வருஷத்துல ஏழெட்டு மெஷின் பாத்திருச்சு, ஒண்ணே ஒண்ணுலதான் வைஃபை வராம போனை கேபிள்ல மாட்டி நெட் எடுத்தேன்.

அடுத்து கடிகாரம். அப்பச்சி போன் பண்ணி "மணி பத்து, இதுல நாலரைன்னு காட்டுது"ன்னாக, ராகுகாலம் பாத்துத்தான் பேங்க் வேலையே ஆரம்பிக்கிற ஆளு, சும்மா விடுவாகளா. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்துல உலக நேரத்தை எழுதி வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு நம்பிரும், அதான் கரெக்டா அஞ்சரை மணி நேரம் பின்னாடி. லினக்ஸ் டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் கட்டளையில செட்-லோக்கல்-ஆர்டிசி 1னு குடுத்தேன், தீந்துச்சு.

இதைவிட மோசமானது கேபிள். வீட்டுக்கு ஓடு மாத்துன கணக்கு, காரை பூசுன கணக்கு எல்லாத்தையும் பங்காளிகளுக்கு ஷீட்டா போட்டுக்கிட்டிருந்தேன். பட்டாலையில, அதான் வீட்டுக் கூடத்துல உக்காந்திருந்தேன், வெளிச்சம் பத்தலன்னு லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு வளவுப் பக்கம், அதான் முற்றத்துப் பக்கம் நகந்தேன் (அறை இருபது இருக்கு, ப்ளக் பாயிண்ட் ரெண்டு, அதுலயும் ஒண்ணு ஆடும்). டிஸ்க் கேபிள்ல தொங்கி ஒரு ஆட்டம் ஆடுச்சு. ஸ்க்ரீன் அப்படியே இருக்கு, மவுஸ் நகருது, டைப் கூட அடிக்குது, சேவ் பண்ணா மட்டும் முடியாதுங்குது. ஒரு நொடி கேபிள் விட்டாலும் சிஸ்டத்துக்கு அடியில தரையே இல்லாத மாதிரிதான், ஆட்டோசேவும் அதே டிஸ்க்குலதான இருக்கு, ரெண்டு மணி நேர வேலை போச்சு. இப்ப ஒரு சாண் கேபிள், டிஸ்க்கை லேப்டாப் மூடி பின்னாடி வெல்க்ரோ போட்டு ஒட்டிட்டேன். வீட்லயே உக்காந்து பாக்குறப்ப சில நேரம் ஆத்தங்குடி கல்லு மேல வச்சுருவேன், அது தரை ஜில்லுன்னு இருக்கும், டிஸ்க் சூடே ஏறாது.

கேபிள் நல்லா இருந்தும் அப்பப்ப உறைஞ்சு நின்னா கேஸ்ல இருக்க சிப்பு, யூஎஸ்பில டேட்டா அனுப்புற யூஏஎஸ்ங்கிற வேகமான முறையோட ஒத்துப்போகலன்னு அர்த்தமா இருக்கலாம். என்னோட மொத கேஸ் அப்படித்தான், கெர்னலுக்கு ஒரு க்வர்க் (விதிவிலக்கு) வரி சேத்து யூஏஎஸ்ஸை அணைச்சேன், வேகம் கொஞ்சம் கொறஞ்சுச்சு, உறையுறது நின்னுச்சு. பிறகு கேஸையே மாத்திட்டேன்.

அடுத்தவுக லேப்டாப்ல சொருகுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கங்க. அத்தை மகன் புது லேப்டாப்ல நான் செக்யூர் பூட்டை (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் கெளம்ப விடுற செட்டிங்) அணைச்சுட்டு என் டிஸ்க்கைக் கெளப்பிக் காமிச்சேன், பெருமைக்கு. கழட்டிட்டு அவன் விண்டோஸுக்குப் போனா பிட்லாக்கர் (விண்டோஸ் டிஸ்க்குக்குப் போடுற பூட்டு) 48 இலக்க ரெக்கவரி கீ கேக்குது. அவனுக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது. கடைசியில அவனோட மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருந்துச்சு, அதுவரைக்கும் அத்தை என்னைப் பாத்த பார்வை இருக்கே.

விண்டோஸையே இப்படி வெளியில போட முடியாதான்னு கேக்குறவுகளுக்கு: விண்டோஸ் 8 காலத்துல விண்டோஸ் டு கோன்னு ஒண்ணு இருந்துச்சு, 2020ல எடுத்துட்டாக. ரூஃபஸ்ங்கிற டூல் வச்சு இன்னும் பண்ணலாம், நான் பண்ணிப் பாத்து ஒரு வாரத்துல விட்டுட்டேன், அப்டேட் வந்தாலே நொண்டுச்சு.

2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சப்போர்ட் நின்னதுல அப்பச்சி லேப்டாப்பும் மாட்டிக்கிச்சு, 11 ஏறாது. அதனால என் டிஸ்க்கை அப்படியே க்ளோன் பண்ணி இன்னொரு எஸ்எஸ்டில போட்டு அவுகளுக்குக் குடுத்தேன். க்ளோன் பண்ண ரெண்டையும் ஒரே மெஷின்ல சேத்து மட்டும் சொருகாதீங்க, ரெண்டுக்கும் ஒரே யூயூஐடி (அடையாள எண்), எதுலேருந்து பூட் ஆகுதுன்னு அதுக்கே கொழப்பம். அப்பச்சி வேலை முடிஞ்சா அதைக் கழட்டி இரும்புப் பெட்டியில வீட்டுப் பத்திரத்தோட வச்சுப் பூட்டிர்றாக, மேல ஒரு சீட்டு ஒட்டியிருக்கு, "கம்ப்யூட்டர்"னு.