அமெரிக்க எரிசக்தித் தரவுச் சேவை: அடிக்குறிப்போடு படிக்க வேண்டிய வரலாறு

அமெரிக்கா எந்தெந்த எரிபொருளை எரித்து வளர்ந்தது என்பதை ஒரே இடத்தில் பார்க்க விரும்புவோருக்கு, அந்நாட்டின் எரிசக்தித் தகவல் நிர்வாகம் கட்டணமின்றி வழங்கும் தரவுச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைக்கலாம். எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து 1977-இல் உருவான இந்த அரசு அமைப்பு, 1949 முதலான ஆண்டுக் கணக்குகளைத் தொடர்ச்சியாகத் தருவதோடு, விறகுப் பயன்பாட்டுக்கு 1635 வரை பின்னோக்கிச் செல்லும் மதிப்பீடுகளையும் வைத்திருக்கிறது. அட்டவணைகளை எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

நீண்டகால வரைபடம்தான் இதில் முதலில் பார்க்க வேண்டியது. 1885 வாக்கில் நிலக்கரி விறகை முந்துகிறது. பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக்கின் கிணற்றில் 1859-இலேயே எண்ணெய் கிடைத்துவிட்டபோதிலும், பெட்ரோலியம் நிலக்கரியைத் தாண்ட 1950 வரை ஆயிற்று. புதிய எரிபொருள் வந்ததும் பழையது விடைபெற்றுவிடும் என்று நினைப்பவர்கள் இந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும். மின்னுற்பத்தியில் அண்மைக்கால மாற்றம் இதைவிட வேகமானது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதியைத் தந்த நிலக்கரியை 2016-இல் இயற்கை எரிவாயு முந்தியது. 2023-இல் நிலக்கரியின் பங்கு சுமார் 16 சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

அடிக்குறிப்புகளைத் தாண்டிச் செல்பவர் ஏமாறக்கூடிய இடமும் ஒன்று உண்டு. 2019-இல் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் மொத்தப் பயன்பாடு நிலக்கரியை விஞ்சியது என்றும், 1885-க்கு முந்தைய காலத்துக்குப் பிறகு இதுவே முதல்முறை என்றும் இந்த நிர்வாகம் அறிவித்தது. அப்போதைய முறைப்படி, காற்றாலையோ அணையோ தரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு, அதை அனல்மின் நிலையத்தில் உற்பத்தி செய்தால் எரிக்க வேண்டிய சுமார் 9,000 பி.டி.யூ. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) வெப்பம் கணக்கில் ஏற்றப்பட்டது. 2023-இல் முறை மாறி, அந்த யூனிட்டில் உண்மையாக அடங்கிய 3,412 பி.டி.யூ. மட்டுமே எண்ணப்படுகிறது, பழைய ஆண்டுகளும் அவ்வாறே திருத்தப்பட்டதால், 2019-இன் அந்த முந்துதல் இன்றைய அட்டவணையில் இல்லை. புதிய முறையே நேர்மையானது என்பது என் கருத்து. ஆயினும், பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் கலந்து மேற்கோள் காட்டும் கட்டுரைகள் இன்னும் உலவுகின்றன.

பி.டி.யூ., கன அடி, அமெரிக்க டன் ஆகிய அளவைகளை மெட்ரிக் முறைக்கு மாற்றிக்கொள்ளும் பொறுமை வாசகருக்கு வேண்டும். அதோடு, எரிபொருள்வாரியாகப் பொதுவாகக் காட்டப்படும் மின்னுற்பத்திச் சதவீதங்கள் பெரிய நிலையங்களுக்கு உரியவை. வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்தின் மதிப்பீடு தனி நிரலில் இருக்கிறது.