உவரி மாடிக் கைப்பிடிக்கு 304-ஆ, 316-ஆ?

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடிப்படிக்கும், கடலோர உவரியில் தங்கை வீட்டு மொட்டைமாடிக்கும் ஒரே பட்டறையில், ஒரே கட்டுக் குழாயை அறுத்துக் கைப்பிடி செய்தோம். இரண்டும் 304 என்ற எவர்சில்வர் ரகம். என் வீட்டில் இருப்பது ஐந்து ஆண்டாகியும் முகம் பார்க்கும்படி இருக்கிறது. உவரியில் இருப்பதோ ஓர் ஆண்டு முடிவதற்குள் தேநீர் சிந்திக் காய்ந்தது போலப் பழுப்பேறிவிட்டது. "எவர்சில்வருக்கும் துரு உண்டா அண்ணே?" என்று தங்கை கேட்டாள். உண்டு.

304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8. 316-இல் குரோமியம் சுமார் 16, நிக்கல் 10, கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம். கவனியுங்கள், விலை கூடிய 316-இல்தான் குரோமியம் சற்றுக் குறைவு. குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. கீறினாலும் அது தானே வளர்ந்து மூடிவிடும். உப்பிலுள்ள குளோரைடு அந்தத் தோலில் ஊசிமுனை அளவுக்குத் துளையிடுகிறது. துளைக்குள் அமிலம் சேர்ந்து குழி ஆழமாகிறது. அந்தக் குழி பறிவதை மட்டுப்படுத்துவதுதான் மாலிப்டினத்தின் வேலை. பொறியாளர்கள் குழியரிப்பு எண் என்று ஒன்று போடுவார்கள்: குரோமியச் சதவீதம், அதோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, நைட்ரஜனின் 16 மடங்கு. எண் கூடினால் குழி விழுவது குறையும். 304-க்கு 19-ஐ ஒட்டியும் 316-க்கு 24-ஐ ஒட்டியும் வரும்.

உவரிக்குப் போனால் அந்தக் கைப்பிடியைக் குனிந்து பாருங்கள். மழை நேராக விழும் மேல்புறம் ஏறக்குறைய சுத்தமாக இருக்கும். அடிப்புறத்தில் விரலை ஓட்டினால் சொரசொரவென்று பழுப்பு ஒட்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், மழையே படாத நான்கடி நீளம்தான் படுமோசம். மழை துருவைக் கொண்டுவரும் என்றுதான் நாம் நினைத்திருக்கிறோம்; இங்கே உப்பைக் கழுவிக் காப்பாற்றுவதே மழைதான். கடலிலிருந்து வீசும் கொண்டல் காற்று கொண்டுவந்து அப்பிய உப்பு, இரவுப் பனியில் நனைந்து, பகலில் காய்ந்து, மறுநாள் மறுபடி நனைகிறது. கழுவ ஆளில்லாத இடத்தில் இந்தச் சுற்று ஓய்வதே இல்லை.

எனவே என் கணக்கு இது. பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் பக்கமெல்லாம் படிக்கட்டுக்கும் கேட்டுக்கும் 304 தாராளமாகப் போதும். அங்கே 316 வாங்குவது வெயிலில் கம்பளி போர்த்துவது போல. உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி என்று கடலைப் பார்த்து நிற்கும் வீடுகளின் வெளிப்புறத்துக்கு 316 வாங்குங்கள். அதே வீட்டுக்குள் அடுப்படித் தொட்டிக்கு 304-ஏ போதும். உப்பும் புளியும் பட்டாலும் அதைத்தான் அன்றாடம் தேய்த்துக் கழுவிவிடுகிறோமே.

316 என்றால் கடலுக்குள்ளேயே போடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. லிட்டருக்குச் சுமார் 200 மில்லிகிராம் குளோரைடு வரை 304, 1000 வரை 316 என்பது குளிர்ந்த நீருக்கான பொதுவான வழக்கு. கடல்நீரில் ஏறத்தாழ 19,000. அங்கே டூப்ளெக்ஸ் என்னும் இன்னும் உயர்ந்த எவர்சில்வர் வகைகளைத்தான் தேட வேண்டும். உவர்ப்பான போர் தண்ணீரைச் சுட வைக்கும் தொட்டியும் தனிக்கதை: 60 டிகிரியைத் தாண்டினால் இரண்டு ரகமுமே வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடக்கூடும்.

கடையில் நடக்கும் உண்மையான போட்டி இது இரண்டுக்கும் இடையில் அன்று. 304 என்று சொல்லிக் கொடுக்கப்படும் 202-தான் பெரிய தொல்லை. நிக்கலைப் பாதியாகக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த மலிவுச் சரக்கு அது. காந்தம் வைத்துப் பார்ப்பவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். 202-லும் காந்தம் ஒட்டாது. வளைத்த நல்ல 304-இல் இலேசாக ஒட்டும். காந்தத்தை நம்பினால் நல்லதைத் தள்ளிவிட்டு மட்டமானதை வாங்கி வருவோம். சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டும் பேட்டரியும் வைத்து நிறம் பார்க்கும் சோதனை தேவலை. உருக்காலை தரும் மில் சான்றிதழிலுள்ள ஹீட் நம்பரை, அதாவது எந்த உருக்கில் வார்த்தது என்ற எண்ணை, குழாயில் அச்சடித்திருக்கும் எண்ணோடு ஒத்துப் பார்ப்பது அதைவிட நல்லது.

எல்-ரகம் வேண்டுமா என்றும் கேட்பார்கள். 304எல், 316எல் ஆகியவற்றில் கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாது. தடித்த தகட்டை வெல்டிங் செய்யும்போது அதன் அருமை தெரியும். இரண்டு மில்லிமீட்டருக்குள் உள்ள கைப்பிடிக் குழாய்க்கு அதற்காக அலைய வேண்டாம்.

இத்தனைக்கும் மேலே பட்டறை இருக்கிறது. சாதா இரும்பை அரைத்த அதே சக்கரத்தை எவர்சில்வரில் வைத்தால் இரும்புத்தூள் ஏறி உட்கார்ந்துகொண்டு, 316-ஆனாலும் புள்ளிபுள்ளியாகத் துரு காட்டும். வெல்டிங்கைச் சுற்றி நீலமும் கறுப்புமாகத் தெரியும் வளையத்தை அமிலப் பசை பூசிக் கழுவி எடுக்க வேண்டும். கோடுகோடான பாலிஷ் பார்க்க அழகுதான், ஆனால் அந்தக் கோடுகளில்தான் உப்பு குடியிருக்கும்; கடலோரத்துக்குக் கண்ணாடிப் பாலிஷே சரி. "அண்ணாச்சி, புதுச் சக்கரம் போடுங்கள்" என்று பட்டறைக்காரர் பக்கத்தில் நின்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் போட்டார்.

தங்கை வீட்டில் கடல் பார்த்த பக்கத்தை மட்டும் 316-க்கு மாற்றினோம். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைக்கிறாள். போன மாதம் போய்ப் பார்த்தபோது குழாய் பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூக்களைப் பட்டறை அண்ணாச்சி பழைய டப்பாவிலிருந்தே எடுத்து முடுக்கிவிட்டார் போலிருக்கிறது, அவற்றின் தலையில் மட்டும் பழுப்பு.